ஜான், இவான், அருளப்பன்: எல்லாம் ஒரே பேர்தான்

பஞ்சரான காரைத் தூக்கி நிறுத்தும் கருவியை ஜாக்கி என்கிறோம். சீட்டுக்கட்டில் ராணிக்கு அடுத்து வரும் ஆளும் ஜாக்கி. பந்தயக் குதிரையின் மேல் உட்கார்ந்திருப்பவரும் ஜாக்கிதான். மூன்றுக்கும் வேர் ஒன்றே. ஜான் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் ஜாக். ஸ்காட்லாந்துப் பக்கம் அதுவே ஜாக்கி. அந்த ஜானோ எபிரேய மொழியின் யோஹானான் என்ற பெயரிலிருந்து வந்தவர்.

உலகில் மிக அதிகமாகப் பரவிய எபிரேயப் பெயர்களின் பட்டியலில் இது முன்வரிசையில் நிற்கும். ஆனால் எபிரேயப் பெயர் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. ஆபிரகாம், மோசே என்றால் உடனே பழைய ஏற்பாடு நினைவுக்கு வரும். இவான் என்றால் ரஷ்யர், ஹான்ஸ் என்றால் ஜெர்மானியர், ஷான் என்றால் அயர்லாந்துக்காரர், ஜுவான் என்றால் ஸ்பானியர் என்றுதான் மனம் போகிறது. ஜியோவன்னி, ஜ்யான், யான், ஹோவான்னெஸ், யோஹன்னெஸ், இயன், எவன் என்று இன்னும் இருபது சொல்லலாம். ஊருக்கு ஊர் இவ்வளவு உருமாறியும் பிழைத்திருக்கும் பெயர்கள் குறைவு.

சரி, பொருள் என்ன? யோஹானான் என்பது ஒரு முழு வாக்கியம். 'யோ' என்பது இஸ்ரவேலரின் கடவுள் பெயரின் சுருக்கம். 'ஹானான்' என்றால் அருள் செய்தார், இரங்கினார். சேர்த்துப் பார்த்தால் 'கடவுள் அருள்செய்தார்'. பழைய எபிரேயப் பெயர்களில் பல இப்படிப்பட்ட குட்டி வாக்கியங்கள்தான். எலெயாசர் என்றால் 'கடவுள் உதவினார்'. யோனத்தான் என்றால் 'கடவுள் கொடுத்தார்'. பிள்ளை பிறந்ததும் பெற்றவர்கள் வாயிலிருந்து வரும் முதல் நன்றியே பெயராக நின்றுவிடும். யோஹானானின் இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றிப் போட்டால் ஹனனியா என்ற இன்னொரு பெயர் கிடைக்கும். கடவுளை விட்டுவிட்டு அருளை மட்டும் வைத்துக்கொண்டால் ஹன்னா, அதாவது நம் பைபிளின் அன்னாள். இன்றைய இஸ்ரேலில் கடைக்காரர் 'ஹினாம்' என்றால் இலவசம் என்று பொருள். அதுவும் இதே வேரில் கிளைத்த சொல்தான்.

ஒரு வேடிக்கை. யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமைக் கலங்கடித்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் பெயரும் இதே அச்சில் வார்த்ததுதான். கார்த்தேஜில் பேசிய பினீசிய மொழி எபிரேயத்துக்குப் பங்காளி. ஹன்னிபால் என்றால் பாகால் என்ற கடவுளின் அருள். சாமி வேறு, சூத்திரம் ஒன்று. பைபிளின் தீர்க்கதரிசிகள் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டது இந்தப் பாகாலோடுதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பொருள் அழகாக இருந்தால் பெயர் தானாகப் பரவிவிடும் என்று நினைக்கிறோம். பெயர் வைக்கும் இணையதளங்களும் அப்படித்தான் பிழைக்கின்றன. யோஹானானின் வரலாறு வேறு மாதிரிப் போகிறது. பழைய ஏற்பாட்டில் இந்தப் பெயருள்ளவர்கள் பலர் உண்டு, ஆனால் பெரிய ஆள் எவருமில்லை. ஓரளவு கதை உள்ளவர் எரேமியா புத்தகத்தில் வரும் கரேயாவின் மகன் யோகனான். பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகு கெதலியா என்பவரை ஆளுநராக வைக்கிறார்கள். 'உங்களைக் கொல்ல ஆள் வருகிறது' என்று யோகனான் எச்சரிக்கிறார். கெதலியா நம்பவில்லை, கொல்லப்படுகிறார். மிச்சமிருந்த மக்களை, எரேமியா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், எகிப்துக்குக் கூட்டிப்போகிறார் யோகனான். அவ்வளவுதான். இந்தக் கதையைக் கேட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தோன்றுமா என்ன?

திருப்பம் வந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில். கிரேக்க வழிவந்த செலூசிய அரசன் நான்காம் அந்தியோக்கு யூதர்களின் வழிபாட்டில் கைவைத்தான். கி.மு. 167இல் மத்தத்தியா என்ற ஆசாரியரும் அவருடைய ஐந்து மகன்களும் கலகத்தைத் தொடங்கினார்கள். மகன்களின் பெயர்கள்: யோவான், சீமோன், யூதா, எலெயாசர், யோனத்தான். மக்கபேயர் கலகம் என்று வரலாறு சொல்வது இதைத்தான். கலகம் வென்றது. சீமோனின் மகன் யோவான் ஹிர்க்கான் கி.மு. 134 முதல் 104 வரை தலைமை ஆசாரியராகவும் நாட்டை ஆள்பவராகவும் இருந்தார்.

அவர் காலத்துச் செப்புக்காசு ஒன்றைப் படத்திலாவது பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நுனியில் உட்கார்ந்துவிடும் அளவு, எடை இரண்டு கிராம் சொச்சம். ஒரு பக்கம் பழம் நிறைந்த இரண்டு கொம்புகள், நடுவில் ஒரு மாதுளை. மறுபக்கம் இலை வளையத்துக்குள், அப்போதே வழக்கொழிந்திருந்த பழைய எபிரேய எழுத்தில், 'யெஹோஹானான், தலைமை ஆசாரியர், யூதர் சபை' என்று நெருக்கி வெட்டியிருக்கும். அரசன் தலை கிடையாது, உருவம் எதுவும் கிடையாது, பெயர் மட்டும்தான். சந்தையில் கைமாறிய ஒவ்வொரு சில்லறையிலும் ஒரு பெயர் இருந்தால் அது எப்படிப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை.

கலகத்துக்குப் பிந்தைய காலத்து யூத ஆண்களின் பெயர்களை எலும்புப் பெட்டிகள், பத்திரங்கள், யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸின் நூல்கள், புதிய ஏற்பாடு என எல்லாவற்றிலிருந்தும் அறிஞர்கள் திரட்டி எண்ணியிருக்கிறார்கள். முதல் ஐந்து இடங்கள்: சீமோன், யோசேப்பு, எலெயாசர், யூதா, யோவான். அந்த ஐந்தில் நான்கு மத்தத்தியாவின் வீட்டுப் பெயர்கள்! சீமோன், யோசேப்பு என்ற முதல் இரண்டையும் கூட்டினாலே ஏறத்தாழ ஆறில் ஒருவர் வந்துவிடுகிறார். மோசே, தாவீது போன்ற மாபெரும் பெயர்களை அக்காலத்தவர் பிள்ளைகளுக்கு அதிகம் வைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர் சுதந்திரம் கண்ட கதையில் வந்த பெயர்களைத்தான் வைத்தார்கள். நம் பக்கத்தில் சுபாஷ், ஜவஹர் என்று பெயர் வைத்த தலைமுறையை நினைத்துக்கொள்ளலாம்.

1968இல் எருசலேமின் வடபகுதியில், கிவ்அத் ஹமிவ்தார் என்ற இடத்தில், வீடு கட்டத் தோண்டியபோது பழைய கல்லறைகள் வெளிப்பட்டன. சுண்ணாம்புக்கல்லால் செய்த எலும்புப் பெட்டி ஒன்றில் 'யெஹோஹானான்' என்ற பெயர் கீறியிருந்தது. உள்ளே இருபதுகளில் இறந்த ஓர் ஆணின் எலும்புகள். வலது குதிகால் எலும்பில் ஓர் இரும்பு ஆணி குறுக்கே பாய்ந்து அப்படியே இருந்தது. நீளம் 11.5 சென்டிமீட்டர். நுனி வளைந்திருந்ததால் உருவியெடுக்க முடியாமல் அதோடு சேர்த்தே புதைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ரோமர்கள் ஆயிரக்கணக்கானோரைச் சிலுவையில் அறைந்ததாக நூல்கள் சொல்கின்றன. அதற்குக் கிடைத்த முதல் உடற்சான்று இந்த எலும்புதான். முதல் நூற்றாண்டு எருசலேமில் தெருவுக்கு இரண்டு பேராவது இருந்திருக்கக்கூடிய ஒரு பெயர், இப்படி ஒரு சாதாரண மனிதனோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

அப்புறம்தான் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம். வயதான சகரியாவுக்கும் எலிசபெத்துக்கும் பிள்ளை பிறக்கிறது. எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கு வந்த உறவினர்கள் அப்பன் பெயரையே வைத்து சகரியா என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். தாய், 'இல்லை, யோவான்' என்கிறாள். உன் சொந்தத்தில் அப்படி ஒரு பேர் உள்ளவன் யாருமில்லையே என்று அவர்கள் மடக்குகிறார்கள். பேச முடியாமல் இருக்கும் சகரியா எழுத்துப்பலகை கேட்டு வாங்கி, 'இவன் பேர் யோவான்' என்று எழுதுகிறார். எல்லாருக்கும் ஆச்சரியம்.

இதை வாசிக்கிறவர்கள் யோவான் என்பது அன்று யாரும் கேள்விப்படாத பெயர் என்று நினைத்துவிடுவதுண்டு. ஊரில் எத்தனையோ யோவான்கள் இருந்தார்கள். உறவினர்களின் சிக்கல் வேறு: தாத்தா, அப்பா பெயரைத்தான் பேரனுக்கும் மகனுக்கும் வைப்பது குடும்ப வழக்கம். பெயரன் என்ற சொல்லையே பேரன் ஆக்கிக்கொண்ட நமக்கு அந்தச் சண்டையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதே காட்சி திருக்குர்ஆனிலும் உண்டு. மர்யம் அத்தியாயத்தில் ஸகரிய்யாவுக்குப் பிள்ளை பற்றிய நற்செய்தி வருகிறது: அவர் பெயர் யஹ்யா, இதற்கு முன் இந்தப் பெயரை யாருக்கும் ஆக்கியதில்லை. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் அதே மனிதரை யுஹன்னா என்கிறார்கள், முஸ்லிம்கள் யஹ்யா என்கிறார்கள். யஹ்யா என்பதை அரபுச் சொல்லாக எடுத்தால் 'வாழ்கிறான்' என்று பொருள் வரும். ஒலி எப்படி இவ்வளவு மாறியது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆள் ஒருவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் யஹ்யா என்ற பெயர் வழக்கில் இருக்கிறது.

அந்தச் சகரியாவின் மகன், இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நானகன் யோவான் ஒருவர், இயேசுவின் சீடரான செபதேயுவின் மகன் யோவான் இன்னொருவர். கிறிஸ்தவத்துக்கு இப்படி இரட்டைப் பெரியவர்கள் ஒரே பெயரில் அமைந்தது இந்தப் பெயருக்கு அடித்த யோகம். முன்னவர் பிறந்த திருநாள் ஜூன் 24, பின்னவர் திருநாள் டிசம்பர் 27. இயேசுவைவிட யோவான் ஆறு மாதம் மூத்தவர் என்று லூக்கா சொல்வதால் கிறிஸ்துமஸிலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணி ஜூன் தேதியை வைத்தார்கள். ஐரோப்பாவில் அது ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் வாரம். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே அங்கே தீமூட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்த கோடை விழாக்கள் எல்லாம் யோவான் பெயருக்கு மாறின.

பெயர் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதை அந்த ராத்திரியில் பார்க்கலாம். லாட்வியாவில் விழாவின் பெயரே யாணி. ஆண்கள் தலையில் ஓக் இலை வளையம், மேசையில் சீமைச்சோம்பு போட்ட பாலாடைக்கட்டி, பீர், விடியவிடிய நெருப்பு. யானிஸ் என்ற பெயருள்ளவர்களுக்கு அன்று தனி மரியாதை. பின்லாந்தில் அதே விழா யுஹன்னுஸ். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் செயின்ட் ஜான் இரவில் தெருவில் போகிறவர் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எத்தியோப்பியாவிலோ செப்டம்பரில் வரும் புத்தாண்டு நாளுக்கே யோஹன்னெஸ் பெயர்தான்.

இங்கிலாந்துக்கு இந்தப் பெயர் வந்த வழி கொஞ்சம் சுற்று. எபிரேய யோஹானான் கிரேக்கத்தில் இயோவான்னெஸ் ஆனார். லத்தீனில் இயோஹான்னெஸ். பழைய பிரெஞ்சில் ஜெஹான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது கூடவே வந்தது அந்த வடிவம். ஆங்கிலத்தில் ஜான் என்று எழுதும்போது நடுவில் உச்சரிக்காத ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கிறதே, அது அந்த 'ஹா'வின் மிச்சம்தான். நார்மன் காலத்துக்கு முன் ஆல்ஃபிரட், எட்வின், வுல்ஃப்ஸ்டன் என்று வகைவகையாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஊர், இரண்டு மூன்று நூற்றாண்டுக்குள் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற ஐந்துக்குள் பெருமளவு சுருங்கிப்போனது.

ஒரு தெருவில் ஆறு ஜான் இருந்தால் கூப்பிடுவது எப்படி? செல்லப்பெயர் வைக்க வேண்டியதுதான். ஜான்கின், ஜென்கின், ஜாக், ஹேன்கின். அப்பன் பெயரைச் சேர்த்து அடையாளம் காட்டியதில் ஜான்சன், ஜாக்சன், ஜென்கின்ஸ், ஹேன்காக். வேல்ஸில் ஜோன்ஸ் என்றாலும் ஜானின் பிள்ளை என்றுதான் பொருள். அங்கே மிக அதிகமாக இருக்கும் குடும்பப்பெயர் அது. அமெரிக்காவில் ஸ்மித்துக்கு அடுத்த இடம் ஜான்சனுக்கு. ரஷ்யாவில் இவானோவ், டென்மார்க்கில் யென்சென், நார்வேயில் ஹான்சென், சுவீடனில் யோஹான்சன். எல்லா வீட்டு வாசலிலும் ஒரே யோஹானான். ஐஸ்லாந்தில் 1703இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஆண்களில் கிட்டத்தட்ட நால்வருக்கு ஒருவர் யோன்.

இப்படி அளவுக்கு மீறிப் பரவினால் பெயர் தன் ஆளை இழந்துவிடும். ஜாக் என்றால் எவனோ ஒரு வேலைக்காரன், எடுபிடி என்றாகி, அந்த எடுபிடி செய்யும் வேலையைச் செய்யும் கருவிக்கும் அதே பெயர் வந்தது. பளு தூக்கும் ஜாக்கி வந்த கதை அது. இங்கிலாந்து நீதிமன்றங்களில் நில வழக்குகளுக்காக ஒரு கற்பனைக் கட்சிக்காரரை உருவாக்கி ஜான் டோ என்று பெயர் வைத்தார்கள். அந்த நடைமுறை 1852இல் ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை. இன்றைக்கும் புதுப்படம் வெளியாகும் முன் முகம் தெரியாத திருட்டு இணையதளங்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கும் தடைக்கு 'ஜான் டோ உத்தரவு' என்றே பெயர். நம் ஊர் வக்கீல்கள் இதை 'அசோக் குமார் உத்தரவு' என்றும் சொல்வார்கள். பாவம், நாட்டில் இத்தனை அசோக் குமார்கள் இருந்தால் என்ன செய்வது!

பெண்களை விட்டுவிட்டேன். லூக்காவிலேயே கூசாவின் மனைவி யோவன்னாள் வருகிறாள். ஜோன், ஜேன், ஜீன், ஜேனட், ஜோஹன்னா, இவானா, ஹுவானா எல்லாம் அந்த வரிசை. ஆர்லியன்ஸை மீட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கும் ஒரு யோவன்னாள்தான். போப்பாண்டவர்களும் அதிகம் தேர்ந்தெடுத்த பெயர் இதுவே. கடைசியாக வைத்துக்கொண்டவர் 23ஆம் ஜான், 1958இல். எண்ணிக்கையில் குளறுபடி வேறு: 20ஆம் ஜான் என்று ஒரு போப் இருந்ததே இல்லை. இடைக்காலத்தில் யாரோ எண்ணுவதில் கோட்டைவிட்டதை அப்படியே தொடர்ந்துவிட்டார்கள்.

இந்த உச்சியிலிருந்து பெயர் இறங்கியது 20ஆம் நூற்றாண்டில். அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் துறையின் பட்டியல் 1880இல் தொடங்குகிறது. அந்த ஆண்டிலிருந்து 1923 வரை ஒரு வருடம்கூடத் தவறாமல் ஆண் குழந்தைகளின் முதல் பெயர் ஜான். 1924இல் ராபர்ட் முந்தியது. அதன் பிறகும் 1980களின் நடுப்பகுதி வரை முதல் பத்துக்குள் தாக்குப்பிடித்து, பிறகு சரிந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் புள்ளிவிவரத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் 1914, 1924, 1934, 1944 நான்கிலும் ஜான் முதலிடம். 1954இல் டேவிட். 1994 பட்டியலில் ஜானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஜான் என்ற பெயர் யாருக்கும் கசந்துவிடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். 1880இல் அமெரிக்காவில் பதிவான ஆண் குழந்தைகளில் 8 சதவீதத்துக்கு மேல் ஜான். இன்று முதலிடத்தில் இருக்கும் பெயருக்கே 1 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினால் பெரிய விஷயம். தாத்தா பெயரை வைப்பது தேய்ந்தது. 'வகுப்பில் இன்னொருத்தனுக்கு அதே பேர் இருக்கக் கூடாது' என்ற கவலை வளர்ந்தது. எந்தப் பழைய பெயர் முதலிடத்தில் இருந்திருந்தாலும் அடிவாங்கியிருக்கும். அதிகம் ஏறியிருந்தது ஜான் என்பதால் அதிகம் விழுந்ததும் அதுதான். மற்றவர்கள் இதற்கு மதநம்பிக்கை குறைந்ததைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. நோவா, எலியா, லூக்கா, யாக்கோபு எல்லாம் பைபிள் பெயர்கள்தானே, அவை அதே ஆண்டுகளில் ஜோராக ஏறியிருக்கின்றன.

தவிர, ஜான் போனாரே தவிர அவர் வீட்டுப் பிள்ளைகள் போகவில்லை. 1990களின் நடுவிலிருந்து 2008 வரை இங்கிலாந்தில் ஆண் குழந்தைகளின் முதல் பெயர் எது தெரியுமா? ஜாக். அந்த எடுபிடி ஜாக்கேதான். ஷான், இயன், எவன், ஈதன் என்று காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் பெயர்களில் முதல் மூன்றும் யோஹானானின் சந்ததி. ஈதன் மட்டும் வேறு எபிரேயப் பெயர்.

பெயர் பிறந்த வீட்டில் நிலைமை என்ன? யூதர்கள் யோஹானானைக் கிறிஸ்தவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. கி.பி. 70இல் எருசலேமும் அதன் கோயிலும் அழிவதற்குச் சற்று முன், ரோமர் ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, பிணம்போல் சவப்பெட்டியில் படுத்து ஊரைவிட்டு வெளியேறி, யாவ்னே என்ற ஊரில் படிப்புச் சாலை நடத்த ரோமத் தளபதி வெஸ்பேசியனிடம் அனுமதி வாங்கினார் என்று யூதச் சமய நூலான தல்மூது சொல்லும் ரபி யோஹானான் பென் ஸக்காய்தான் கோயில் இல்லாத யூத மதத்தைக் காப்பாற்றியவர். செருப்புத் தைத்துப் பிழைத்த யோஹானான் ஹஸந்த்லார், 3ஆம் நூற்றாண்டில் திபேரியாவில் கற்பித்த ரபி யோஹானான் என்று வரிசை நீள்கிறது. ஆனாலும் இன்றைய இஸ்ரேலில் குழந்தைக்கு யோஹானான் என்று வைப்பவர்கள் சிலரே. கேட்டால் தாத்தா காலத்துப் பெயர் என்பார்கள். நோவாம், ஆரியேல், லாவி போல நறுக்கென்று முடியும் பெயர்களுக்குத்தான் இப்போது மவுசு. மத்தத்தியா வீட்டு அண்ணன் தம்பிகளில் யோனத்தான் இன்றும் செல்லப்பிள்ளையாக இருக்கிறார்.

இதுவரை பார்த்த எல்லா ஊரிலும் நடந்தது ஒன்றுதான். ஒலியை வாங்கினார்கள், நாக்குக்குத் தக்கபடி தேய்த்துக்கொண்டார்கள், பொருளைக் கீழே போட்டுவிட்டார்கள். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களும் அப்படித்தான்: யோஹன்னான், உலஹன்னான், லோனப்பன், நைனான் எல்லாம் சிரியாக் மொழி வழியாக வந்த ஒலியின் தேய்மானங்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் மட்டும் தலைகீழாக ஒன்று செய்தார்கள். ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். கடவுள் அருள்செய்தார் என்பது அருளப்பன் ஆனது.

இதன் பின்னால் மதுரை மிஷன் ஏசுசபையினரின் வழக்கம் இருக்கிறது. அவர்கள் தங்கள் பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டவர்கள். கான்ஸ்டன்ட் என்பதைத் தைரியம் என்று கொண்டு, கொன்ஸ்தந்தீனோ பெஸ்கி முதலில் தைரியநாதர் ஆனார். பிறகுதான் வீரமாமுனிவர். சிறியவன் என்று பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நட்டாலம் நீலகண்டப் பிள்ளைக்கு வைத்த பெயர் லாசர். லாசர் என்பது எலெயாசரின் சுருக்கம், 'கடவுள் உதவினார்'. தமிழில் தேவசகாயம். 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே தேவசகாயம். மத்தத்தியாவின் ஐந்து மகன்களில் இரண்டு பேர், எலெயாசரும் யோவானும், தேவசகாயமாகவும் அருளப்பனாகவும் தெற்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இவர்களில் பெரிய யோவான், லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜோவாவ் தெ பிரித்தோ. மறவர் நாட்டில் காவி உடுத்திச் சுற்றிய அவரை மக்கள் அறிந்தது அருளானந்தர் என்று. ஜோவாவ் என்பது யோவானின் போர்ச்சுகீசிய வடிவம். அதன் அருளைப் பிடித்துக்கொண்டு ஆனந்தத்தைக் கூட்டினார்கள். ராமநாதபுரம் சேதுபதி அரண்மனையோடு ஏற்பட்ட மோதலில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அங்கே மண் சிவந்திருப்பது அவர் ரத்தத்தால் என்று நம்பி இன்றும் அந்த மண்ணை எடுத்துப்போகிறார்கள். 1947இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அருளானந்தம் என்ற பெயர் ஊருக்கு ஊர் கேட்பது அவரால்தான். யாழ்ப்பாணத்தில் அதுவே அருளப்பு என்றும் ஒலிக்கும்.

புராட்டஸ்டன்ட்டுகள் ஒலியின் பக்கம் நின்றார்கள், அவர்களுக்கு யோவான். கத்தோலிக்க வேதாகமத்தில் நெடுங்காலம் 'அருளப்பர் நற்செய்தி' இருந்தது. ஸ்நானகனும் ஸ்நாபக அருளப்பர்தான். இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் யோவான் என்ற வடிவம் நிலைத்தது, அருளப்பர் அட்டையிலிருந்து இறங்கினார். கோயில் பெயர்களிலும் ஆட்களின் பெயர்களிலும் மட்டும் மிச்சமிருக்கிறார். நடுநிலைமைக்கு ஒரு வேடிக்கையான சாட்சியும் உண்டு. 1810இல் பிறந்து, ஜெர்மன் மிஷனரி ரேனியஸிடம் படித்து, 1860இல் திருநெல்வேலிப் பக்கம் எழுந்த எழுப்புதலில் பெயர் பெற்ற சுவிசேஷகரின் முழுப்பெயர் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன். தலையிலும் ஜான், வாலிலும் ஜான்.

இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு அருளப்பன் என்று வைக்கும் பெற்றோரை எனக்குத் தெரிந்து காணவில்லை. ஜோஹன், ஜோஹன்னா, இவான், எவன் என்றுதான் வைக்கிறார்கள். அதில் கிறிஸ்தவர்களும் உண்டு, வெளிநாட்டுக்குப் போனால் கூப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்று நினைக்கும் மற்றவர்களும் உண்டு. அருள் மட்டும் தனியாகப் பிழைத்துக்கொண்டது. ஒருவர் பெயர் வெறும் அருள் என்றிருந்தால் அவர் சைவரா, கத்தோலிக்கரா, எந்தக் கோயிலுக்கும் போகாதவரா என்று யாராலும் சொல்ல முடியாது. அருளப்பன் என்றால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.